பூஜ்ஜியம் மேடம்

சிபி ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். படுக்கையின் இடது பக்கத்தை மட்டும் தட்டிச் சரிசெய்தான். வலது பக்கம் கலைந்திருக்கவில்லை. வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்துவந்து காய்ச்சினான். பொங்கும்வரை அடுப்படியிலேயே நின்றான். பல் தேய்த்தான். காபிக்கு முன் ஊதவேண்டும் என்பது விதி. ஹால் சுவரில் மாட்டியிருந்த மூச்சுமானியின் முன் நின்று, குழாயை உதட்டில் பொருத்தி, ஆறு விநாடி ஊதினான்.

பச்சை விளக்கு எரிந்தது.

"பூஜ்ஜியம். உங்கள் மூச்சு சுத்தமாக இருக்கிறது" என்றது கருவி.

காபி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மிருதுளா இறந்து நாற்பத்தொன்றாவது நாள்.

சிகரெட்டையும் பீடியையும் அடியோடு தடை செய்துவிட்டு, திரவத்தைச் சூடாக்கி ஆவியை இழுக்கும் வேப்புக்கு அனுமதி கொடுத்த வருடத்தில்தான் மூச்சுமானியும் வந்தது. சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் ஒன்று. திருட்டுத்தனமாகப் புகைத்தால் சிவப்பு, எப்போதோ புகைத்து நுரையீரல் கெட்டிருந்தால் மஞ்சள், இல்லையென்றால் பச்சை. பச்சை இருந்தால்தான் அலுவலகக் கதவு திறக்கும். ஆஸ்பத்திரியில் கூட டாக்டர் முதலில் கேட்பது விளக்கின் நிறத்தைத்தான். இருமலோடு போனவன் பச்சை என்றால், எக்ஸ்ரே எதற்கு, மாத்திரை போதும் என்று அனுப்பிவிடுவார்கள். மிருதுளாவையும் அப்படித்தான் இரண்டு தடவை அனுப்பினார்கள்.

கோயம்புத்தூரில் அந்தக் கருவியைச் செய்யும் கம்பெனியில்தான் சிபிக்கு வேலை. ஒவ்வொரு நாளும் எல்லாக் கருவிகளுக்கும் அன்றைய அளவை அனுப்பிவைக்கும் பொறுப்பு அவனுடையது.

எட்டு மணிக்கு போன் வந்தது. ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைப் பிரிவிலிருந்து டாக்டர் ஹஸீனா.

"உங்க மனைவியோட ரிப்போர்ட் வந்திருக்கு, மிஸ்டர் சிபி. போன்ல வேண்டாம். நேர்ல வாங்க."

அவன் போனான். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். சுற்றி வளைக்காத ஆள். உட்காரச் சொன்னதுமே கேட்டாள்.

"உங்க மனைவி வேப் பண்ணுவாங்களா?"

"இல்லைங்க."

"சிகரெட்?"

"இல்லைங்க டாக்டர். அட்மிட் பண்ணும்போதே இதைக் கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிட்டோம்."

"யாரு சொன்னது? அவங்களா, நீங்களா?"

சிபி யோசித்தான். அன்றைக்குக் கட்டிலுக்கு ஒரு பக்கம் அவன் நின்றிருந்தான், மறுபக்கம் மாமியார். சின்ன டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: 'சிகரெட், வேப் ஏதாவது?' மாமியார் வெடுக்கென்று, 'எம் பொண்ணைப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?' என்றாள். அவன் கைபேசியில் இருந்த பச்சையை எடுத்துக் காட்டினான். மிருதுளா மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நாங்க சொன்னோம்" என்றான்.

ஹஸீனா திரையை அவன் பக்கம் திருப்பினாள். இளஞ்சிவப்பு வட்டங்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் நெருக்கமாகச் சிவப்புப் பொட்டுகள்.

"இது அவங்க நுரையீரல் செல்லு. இந்தப் பொட்டு அத்தனையும் எண்ணெய்."

"சமையல் எண்ணெயா?"

"அது இப்படி உள்ள போகாது. வேப்புல ஊத்தற திரவத்துல வாசனை தூக்கலா இருக்கணும்னு எண்ணெய் மாதிரி சிலதைக் கலக்கறாங்க. சூடாக்கி இழுக்கும்போது ஆவியோட உள்ள போயிடுது. வெளிய வர வழியில்ல. ஒரு நாள், ரெண்டு நாள்ல சேந்தது இல்ல இது. அஞ்சு வருஷமாவது இருக்கும்."

"வேப் சிகரெட்டுக்குப் பரவால்லன்னுதானே டாக்டர் அனுமதிச்சாங்க?"

"பரவால்லதான். அதுல பொய்யில்ல. தார் இல்ல, கார்பன் மோனாக்சைடு இல்ல. இருபது வருஷமா சிகரெட் பிடிச்ச ஆளு மொத்தமா வேப்புக்கு மாறினா அவருக்கு லாபம். நானே எத்தனையோ பேர்கிட்ட சொல்லியிருக்கேன். ஆனா சிகரெட்டே தொடாத ஒரு பொண்ணுக்கு? அவளுக்கு அது எதைவிடப் பரவால்ல?"

"அஞ்சு வருஷமா அவளுக்குப் பச்சை" என்றான். "ஒரு நாள்கூட மாறினதில்ல. எப்பவுமே பூஜ்ஜியம்."

"யாரோட ஒப்பிட்டு?"

"புரியலைங்க."

"பூஜ்ஜியம்னு உங்க மெஷின் எதை வெச்சு முடிவு பண்ணுது?"

இது அவன் தூக்கத்திலும் சொல்லக்கூடியது. புது ஆட்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறான். அதே குரலில் சொன்னான்.

"மூச்சுல நூத்துக்கணக்கான பொருள் இருக்கு டாக்டர். மழை பெஞ்சா ஒரு மாதிரி, வெயிலடிச்சா ஒரு மாதிரி. சிலிண்டர்ல அடைச்ச வாயுவை வெச்சு அளந்தா சரியா வராது. அதனால தினமும் ஒரு நல்ல ஆளோட மூச்சை எடுத்து, அதைப் பூஜ்ஜியம்னு வெச்சுக்குவோம். மத்தவங்க மூச்சுல இருந்து அதைக் கழிச்சிட்டா, மிச்சம் நிக்கறதுதான் கெடுதல்."

"அந்த நல்ல ஆள் யாரு?"

"மொதல்ல நாப்பது பேர் இருந்தாங்க. ரெண்டாவது வருஷம் மழைக்காலத்துல எல்லாருக்கும் சளி பிடிச்சுது. ஒருத்தருக்கு மட்டும்தான் பிடிக்கல. ஒரு வாரத்துக்கு அந்த ஒரு மூச்சை மட்டும் வெச்சு ஓட்டுவோம்னு…"

நிறுத்தினான்.

"அப்புறம் அப்படியே விட்டுட்டீங்க" என்றாள் ஹஸீனா.

"கம்பெனி லேபுக்கு அஞ்சு நிமிஷத்துல எங்க வீடு. ஸ்கூட்டர்ல வந்து ஊதிட்டுப் போயிடுவா. சௌகரியமா இருந்துச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அவங்களுக்கு அவங்களையே கழிச்சிருக்கீங்க. பூஜ்ஜியம் வராம வேற என்ன வரும்?" என்றாள் மெதுவாக. "இந்த மாசம் மட்டும் இதே மாதிரி ஏழு பேரோட ஸ்லைடு எங்கிட்ட வந்திருக்கு. ரெண்டு பேருக்குக் காலேஜ் வயசு. ஏழு பேருமே பச்சை. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

வீட்டுக்கு வந்தான். படி ஏறவில்லை. கீழே மிருதுளாவின் ஸ்கூட்டர் நாற்பத்தொரு நாள் தூசியோடு நின்றது. சாவி அவன் கொத்திலேயே இருந்தது. இருக்கையைத் தூக்கினான். ஒரு துணி, பெட்ரோல் ரசீது, மடித்த மழைக்கோட்டு. கோட்டின் உள்பையில் மூன்று பேனாக்கள். வேப் கருவியைப் பேனா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், எழுதுவதற்கில்லை.

முதலாவதில் இளநீர் படம். இரண்டாவதில் ஏலக்காய். அவள் கழுத்தில் எப்போதும் லேசாக ஓர் இளநீர் வாசனை இருக்கும். தலைக்குப் போடும் ஏதோ எண்ணெய் என்று நினைத்திருந்தான். என்ன எண்ணெய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்றாவது பழையது, எஃகு. முனையில் மெருகு போயிருந்தது. திருப்பிப் பார்த்தான். அடியில் எஸ்.சி. என்று பொறித்திருந்தது. சிபிச்சக்ரவர்த்தி. அவனுடையது.

ஒன்பது வருடம் சிகரெட் பிடித்தவன் அவன். பெண் பார்க்க வந்த அன்றே மிருதுளா தனியாகப் பேசவேண்டும் என்று மாடிக்குக் கூட்டிப்போய், 'அதை விட்டாத்தான் கல்யாணம். எனக்குப் புகை ஆகாது' என்றாள். இந்தப் பேனாவை வாங்கினான். சிகரெட்டை விட்டான். கல்யாணமான மூன்றாவது மாதம் பேனாவையும் விட்டான். அவள் கையில் கொடுத்து, 'இந்தா, உங்கையாலயே தூக்கிப் போட்டுடு' என்றான். பெருமையாகச் சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

மழைக்கோட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தான். பேனாக்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனான்.

வாசல் காவலாளி எழுந்து நின்றார். அவள் வந்தாலும் இப்படித்தான் எழுந்து நிற்பார். 'பூஜ்ஜியம் மேடம் வந்தாச்சு' என்று உள்ளே குரல் கொடுப்பார். அந்தப் பேர் மொத்த லேபுக்கும் பழகிவிட்டது. அவள் ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். 'ஊருக்கெல்லாம் நூறு வாங்க வெச்சுட்டு, இங்க தினமும் வந்து பூஜ்ஜியம் வாங்கிட்டுப் போறேன் பாரு' என்பாள். போன வைகாசியில் இருமல் தொடங்கியபோது லேபில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். 'மேடம், நீங்க இருமினா நாடே இருமும்.' அவளும் சேர்ந்து சிரித்து, சிரிப்பில் மறுபடி இருமினாள்.

அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து புது மூச்சு எடுக்கவில்லை. காய்ச்சலுக்கு முன்னால் எடுத்து வைத்திருந்த கடைசி அளவையே தினமும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அனுப்பியது அவன்தான். இன்று காலை அவன் வீட்டுச் சுவரில் எரிந்த பச்சையும் அதுதான்.

கம்ப்யூட்டரில் அந்த வரியைத் தேடினான். மூன்றரை வருடத்துக்கு முன்னால் அவன் எழுதியது. கழித்து வரும் விடை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால், பூஜ்ஜியம் என்றே காட்டு. அப்போது சிலருக்கு மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று வந்தது. சுத்தத்தைவிடச் சுத்தம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது, கருவியின் பிசகாக இருக்கும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவன் அந்த வரியைச் சேர்த்தான். அன்று மாலை எல்லோருக்கும் பஜ்ஜி வந்தது.

வரியை அழித்தான். இன்று காலை ஊதியவர்களின் உண்மையான எண்களைத் திரையில் வரச் சொன்னான்.

மைனஸ் பதினொன்று. மைனஸ் பதினாறு. மைனஸ் பதிமூன்று. திரை ஓடிக்கொண்டே இருந்தது. லட்சக்கணக்கான பேர். அத்தனை பேரும் சுத்தத்தைவிடச் சுத்தம். நடுநடுவே அங்கங்கே சரியாகப் பூஜ்ஜியம், ஒன்று, இரண்டு என்று நின்றவர்கள் இருந்தார்கள். எண்ணச் சொன்னான். ஒரு லட்சத்து எண்பதாயிரம். மிருதுளா மாதிரி மூச்சு உள்ளவர்கள்.

கடைசியாகத் தன்னுடைய எண்ணைத் தேடினான். மைனஸ் ஒன்பது.

ஒன்பது வருடம் புகைத்தவனின் மூச்சு அது. அவளுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுகை வரவில்லை. காது மட்டும் அடைத்துக்கொண்டது, மலையேறும் பஸ்ஸில் அடைப்பதுபோல.

கம்பெனியின் முதலாளி தண்டபாணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். பேனாக்களை மேசைமேல் வைத்தான். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவள் இறந்தபோது மூன்று நாள் கூடவே இருந்தவர். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தம்பி, தப்பைச் சரிபண்ணிரலாம். நாளைக்கே நாப்பது பேரைப் பிடிச்சு, சுத்தமான பூஜ்ஜியம் ஒண்ணு எடுத்துருவோம். இதைப் போயி வெளிய சொல்லணும்னு இருக்குதா?"

"நாளைக்குக் காலைல ஒரு லட்சத்து எம்பதாயிரம் பேருக்கு மஞ்சள் வரும் சார்."

"ஒரே நாள்ல எதுக்கு வரோணும்? கொஞ்சங் கொஞ்சமா நகத்துவோம். ஒரு வருஷத்துல சரியாயிரும். யாருக்கும் தெரியாது."

"அந்த ஒரு வருஷமும் அவங்க பச்சையைக் காட்டிட்டு மாத்திரை வாங்கிட்டுப் போவாங்க. மிருதுளா போன மாதிரி."

தண்டபாணி ஒரு பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு, சுட்டதுபோல் கீழே வைத்தார்.

"சரி, சொல்றம்னே வெச்சுக்குவோம். யாரோட மூச்சுன்னு கேப்பாங்க. பேரு வரும், போட்டோ வரும். நல்ல குடும்பத்துப் பொண்ணு, புருஷனுக்குத் தெரியாம ஊதிட்டிருந்துச்சுன்னு எழுதுவானுங்க. செத்துப்போன புள்ளைக்கு இது வேணுமா? அவங்கம்மா தாங்குவாங்களா? அவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. அதுக்கப்புறம் நான் தடுக்கல."

சுகாதாரத்துறைக்கு அனுப்பவேண்டிய கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினான். ஒரு பக்கம்தான் வந்தது. அனுப்பாமல் கைபேசியில் வைத்துக்கொண்டு வடவள்ளியில் மாமியார் வீட்டுக்குப் போனான்.

மாமியார் செல்வநாயகி கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. ஒரே பெண். ஹாலில் மிருதுளாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. கம்பெனி விளம்பரத்துக்காக எடுத்த படம். 'இந்த மூச்சே அளவு' என்று கீழே எழுதி ஊரெங்கும் பலகை வைத்திருந்தார்கள். எழுத்தையும் குழாயையும் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் சட்டம் போட்டிருந்தாள் செல்வநாயகி. அதனால் படத்தில் அவள் உதடு குவிந்திருக்கும்.

"வாங்க மாப்ள. சாப்ட்டீங்களா? மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

"உக்காருங்க அத்தை."

அவன் சொன்னான். டாக்டர் காட்டிய சிவப்புப் பொட்டுகள், ஸ்கூட்டர், மைனஸ் எண்கள் எல்லாம் சொன்னான். எஃகுப் பேனா தன்னுடையது என்பதையும் சொன்னான். அவள் புடவைத் தலைப்பை மடியில் போட்டு நீவிக்கொண்டே இருந்தாள்.

"புகையே ஆகாதுன்னு சொல்ற புள்ளை மாப்ள அது" என்றாள் கடைசியில்.

"இது புகையில்லைங்க அத்தை. நாத்தம் இல்ல, சாம்பல் இல்ல. தினமும் மெஷினும் சுத்தம்னு சொல்லுச்சு. நான் பண்ணின மெஷினு. அவ அதைத்தான் நம்பினா."

செல்வநாயகி நீவிக்கொண்டிருந்த தலைப்பை விட்டாள்.

"அன்னைக்கு டாக்டர் கேட்டாரு" என்றாள். "நாந்தான் பாஞ்சு விழுந்தேன். இல்லீன்னா சொல்லியிருப்பாளோ?"

"நான் பச்சையைக் காட்டினேன்."

"ஆளுக்கொரு பக்கமா நின்னு வாயை மூடிட்டோம்."

அவன் கைபேசியை எடுத்துக் கடிதத்தைக் காட்டினான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வங்கியில் படிப்பதுபோல் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். மகளின் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது.

"பேரு போடாம முடியாதா?"

"முடியாதுங்க. யாரோட மூச்சுன்னு சொன்னாத்தான் தன்னோடது எப்படின்னு மத்தவங்களுக்குப் புரியும்."

"ஊரு என்னென்னமோ பேசும்."

"பேசும்."

"அந்த ஒரு லட்சத்து எம்பதாயிரம் பேருல எம் பொண்ணு மாதிரி எத்தனை பேருங்க?"

"பாதிக்கு மேல முப்பது வயசு ஆகாதவங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அனுப்புங்க."

அனுப்பினான். உடனே இன்னொன்றையும் செய்தான். கருவிகளுக்கெல்லாம் அளவை அனுப்பும் பக்கத்தைத் திறந்து நிறுத்தினான். நாளைக் காலை யார் ஊதினாலும் எந்த விளக்கும் எரியாது. 'வேப் பழக்கம் உள்ளவர்கள் உடனே நுரையீரலைப் படம் எடுத்துப் பார்க்கவும்' என்ற ஒரு வரிதான் வரும். இந்த வேலைக்கு இதுதான் கடைசி நாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை.

கிளம்ப எழுந்தபோது செல்வநாயகி கேட்டாள்.

"மாப்ள, ஒண்ணு கேக்கட்டுங்களா? ஆஸ்பத்திரில அவ தொண்டைக்குள்ள குழாய் போடறதுக்கு முன்னால நீங்க மட்டுந்தான் உள்ள இருந்தீங்க. வெளிய வந்து, 'அம்மாவைப் பாத்துக்கோன்னு சொன்னா அத்தை'ன்னீங்க. அது நெசமா?"

சிபி நின்றான். தன் அம்மாவிடம் வேறொன்று சொல்லியிருந்தான். லேபில் கேட்டவர்களிடம் மூன்றாவதாக ஒன்று. எல்லோருக்கும் ஏதோ ஒன்று தேவைப்பட்டது. அவனுக்கும் அவள் சொன்னது பிடிபடவில்லை. காய்ச்சலில் என்னவோ உளறுகிறாள் என்று விட்டுவிட்டான்.

"இல்லைங்க அத்தை."

"அப்புறம் என்னதான் சொன்னா?"

அவன் மறுபடி உட்கார்ந்தான்.

"மாஸ்க்கைத் தானே நகத்தினா. 'நாளைக்கு என் மூச்சை எடுக்காத'ன்னா. காய்ச்சலோட வந்து ஊத முடியலையேன்னு கவலைப்படறான்னு நினைச்சேன். 'இதுல போயி யாராவது எடுப்பாங்களா? உன்னோட பழசு பத்திரமா இருக்கு, அதை வெச்சு ஓட்டிக்கறோம், நீ தூங்கு'ன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சா. நகம் பதிஞ்சுது. அவ கணக்கு டீச்சர் அத்தை. தன் மூச்சைக் கழிச்சா மத்தவங்களுக்கு என்ன வரும்னு அங்க படுத்தே போட்டுப் பாத்துட்டா. எனக்குத்தான் நாப்பத்தொரு நாள் ஆச்சு."

"என்ன சொன்னா மாப்ள?"

படத்தில் உதடு குவித்திருந்த முகத்தை அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

"'பழசும் வேண்டாம், சிபி.'"